ஆறாம் எண் சுவர்

முதல் மீனின் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அபுல் ஹசன் பையிலிருந்து காகிதத்தை எடுப்பார். மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்து ரவுண்டானாவில் மூன்று சிமெண்ட் மீன்கள் வாலை ஊன்றி நிற்கின்றன. வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டியவை. திறப்பு விழா அன்று பீய்ச்சியதாகக் கேள்வி. இப்போது ஒன்றின் வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறது. சாலையைப் பார்த்து நிற்கும் மீனுக்கு நேர் மேலே மின்கம்பி போவதால் அதன் கண்ணில் மட்டும் வாரம் தவறாமல் காக்கை எச்சம். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட, அறுபது தாண்டிய ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பி வேலியைத் தாண்டி ஏறி, நனைத்த கைக்குட்டையால் மீனுக்குக் கண் துடைப்பதைப் பார்த்து, போக்குவரத்துக் காவலர் ஆரம்பத்தில் விசில் அடித்தாராம். இப்போது அடிப்பதில்லை. பழகிவிட்டது.

"கண்ணு மறைஞ்சி கெடந்தா அது எப்பிடி தம்பி ஊரப் பாக்கும்?" என்றபடி இறங்குகிறார். கால் எட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

பிறகுதான் அந்தக் காகிதம். ஏ4 தாள், இரண்டு பக்கமும் ஜெராக்ஸ். தலைப்பு: "கடலூர் – சிதம்பரம் பொது இடக் கலைகள். வழிகாட்டி தேவையில்லை. தாங்களே நடந்து பார்த்துக்கொள்ளவும்." கீழே ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், பொருள், செய்தவர் பெயர், ஆண்டு, தற்போதைய நிலை. முப்பத்தைந்து ஆண்டு அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிய கை அல்லவா, மீனைப் பற்றிக்கூட "வால் பகுதியில் விரிசல், உரிய நடவடிக்கை தேவை" என்றுதான் எழுதியிருக்கிறது. எந்த அலுவலகம் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஆபீஸ் மேல ஒண்ணும் இல்ல தம்பி. அத இழுக்காதீங்க" என்றார். எதை இழுக்கக் கூடாது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

காகிதத்தை நூலகத்தில், லாட்ஜ் வரவேற்பு மேசையில், பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலில், நாலைந்து டீக்கடைகளில் வைத்திருக்கிறார். டீக்கடைகளில் நன்றாகப் போகிறது, பஜ்ஜி வைத்துக் கொடுக்க. அதில் அவருக்கு வருத்தமில்லை. எண்ணெய் பட்ட எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்கிறார். இதுவரை எத்தனை பேர் இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"உங்களோட ரெண்டு பேரு."

"முதல் ஆள் யார்?"

"நான்தான்."

சிரிக்காமல் சொன்னார். மீன் என்ற இடத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டார். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி வரை அவர் போகவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் கடைக்குப் போய்ப் பச்சைப் பேனா ஒரு டஜன் வாங்கி வந்தார் என்பதை அவர் மனைவி சைனம்பு என்னிடம் முந்தின நாளே போட்டுக் கொடுத்துவிட்டார்.

தலைவர்களின் சிலைகள் அவர் பட்டியலில் இல்லை. ஊரில் அவைதான் அதிகம் என்பதால் ஏன் என்று கேட்டேன். "அவுங்களுக்குக் கூண்டு இருக்குது, மாலை இருக்குது, பந்தோபஸ்து இருக்குது. எலெக்ஷன் வந்தா மூடி வெக்கத் துணி கூட இருக்குது. அவுங்கள நாம எதுக்குப் பாக்கணும்?" என்றார். துணி என்ற இடத்தில் குரல் லேசாகத் தடுக்கியது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டாம் எண் ஒரு நாற்சந்தியின் நடுவே, தார்ச் சாலையில் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் ஓவியர்கள் சேர்ந்து வரைந்த கிருமி அரக்கன். அன்று சந்தியை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தானாம். ஆறு வருடமாக லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி, மிச்சம் இருப்பது ஒற்றைப் பல். அதையும் சிக்னல் விழுந்த பதினெட்டு விநாடிக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டும். ஓடினோம். "பல்லு இருக்குது" என்று டிக் போட்டார்.

மூன்றாவது, ஒரு மின்பெட்டி. கல்லூரிப் பிள்ளைகள் அதன் மேல் வெட்டிய பலாப்பழம் வரைந்திருக்கிறார்கள். அன்று பலாப்பழத்தின் மீது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. சினிமா போஸ்டர், காதுகுத்து பேனர் என்றால் அங்கேயே தண்ணீர் தெளித்துக் கிழித்துவிடுவார். அஞ்சலி போஸ்டருக்கு வேறு விதி. இறந்த தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். "பதினோரு நாள்தான் ஆவுது. காரியம் முடியட்டும்." பதினாறாம் நாள் கழிந்த பிறகு வந்து, படத்தில் இருப்பவர் முகம் கிழியாமல், சுடுதண்ணீர் விட்டு உரித்து எடுப்பாராம். உரித்த முகங்களை என்ன செய்வீர்கள் என்றேன். மடித்துப் பையில் வைத்துப் போய்க் கெடிலம் ஆற்றில் விடுவதாகச் சொன்னார்.

இதற்கெல்லாம் சைனம்புவின் கருத்து வேறு. "முப்பத்தஞ்சு வருசமா வீட்டுச் சுவத்துல ஓதம் ஏறி நிக்கிறது அவுங்க கண்ணுல படல. இப்ப ஊருல உள்ள சுவத்தெல்லாம் பாத்துட்டு அலையுறாங்க. கேட்டா ஆர்ட்டுன்றாங்க" என்றார் என்னிடம். பள்ளிவாசலில் ஒருவர், சிலைகளைத் தேடிப் போகிறீர்களே பாய், இந்த வயதில் தேவையா என்று கேட்டாராம். "நான் கும்பிடப் போவல, செக்கிங் போறேன்னு பதில் சொன்னாங்களாம்" என்று சைனம்பு தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையான மனத்தாங்கல் மீனில்தான். "முதுநகர்ல தைலம்மாகிட்டதான் கல்யாணம் ஆன நாள்லேந்து மீனு. கெழங்கான் வந்தா எடுத்து ஒதுக்கி வெச்சிருக்கும். ரெண்டு வருசமா அவுங்க அந்தப் பக்கமே போறதில்ல. எங்கேயோ போயி ஐஸ்ல வெச்ச மீனு வாங்கியாறாங்க. வாயில வெக்க முடியல தம்பி. ஏன்னு கேட்டா பேச்ச மாத்துறாங்க." நான் தலையை ஆட்டி வைத்தேன். கணவன் மனைவி மீன் சண்டையில் நமக்கென்ன வேலை.

தேவனாம்பட்டினத்தில் ஐந்தாம் எண்ணான இரும்புக் கொக்கைப் பார்த்தோம். பழைய சைக்கிள் செயின், பல்சக்கரம், ஸ்பேனர் எல்லாம் பற்றவைத்து மாணவர்கள் செய்தது. ஒற்றைக் காலில் நின்ற கொக்கு. காற்றில் விழுந்து யார் மேலாவது சாய்ந்துவிடும் என்று பயந்து யாரோ ஒரு பொறுப்பானவர் இன்னொரு காலையும் வைத்துவிட்டார், தண்ணீர்க் குழாயை வெட்டி. அபுல் ஹசன் குனிந்து அந்தக் குழாய்க் காலை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "நல்ல மனசோடதான் வெச்சிருப்பான். சேஃப்டின்னு நெனச்சிருப்பான். எல்லாரும் அப்பிடித்தான் தம்பி செய்யறது" என்றார். தோளில் மாட்டியிருந்த பை கனமாக இருந்தது போலும், அடிக்கடி தோள் மாற்றிக்கொண்டார். நான் தூக்கி வருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

ஆறாம் எண்ணுக்கு ஷேர் ஆட்டோவில் முதுநகர் போனோம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு பழைய கிடங்கின் மதில். நாற்பது அடி நீளம் இருக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு. அது பழுப்பேறி, கீழே புகையிலைத் துப்பலும், நடுவில் ஒரு குழாய்க்கிணறு விளம்பரமும். நான் காகிதத்தைப் பார்த்தேன். மற்ற எண்களில் நாலு வரி, ஐந்து வரி. இதில் ஒரே சொல்: "சுவர்." செய்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, நிலை இல்லை.

"இதில் என்ன பாய் பார்க்கிறது?"

"இருந்துச்சு" என்றார்.

இருந்ததை அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் நினைவுக்கு வந்தது. நாற்பது அடிக்கும் கடல். படகுகள், உலர்த்திய வலை, நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மீன்காரம்மா, இடுப்பில் அலுமினியக் கூடை, யாரிடமோ விலை பேசுகிற முகம். வலது கோடியில் தண்ணீரிலிருந்து பாதி எழுந்த சூரியன். வரைந்தது இளமதி என்ற பெண். அப்போது ஓவியம் படித்துக்கொண்டிருந்தவள். மீன்காரம்மா அவளுடைய அம்மா தைலம்மாள். சைனம்புவுக்கு முப்பது வருடமாகக் கிழங்கான் ஒதுக்கி வைத்த அதே தைலம்மாள். அந்தப் படத்துக்குக் கீழேயே, தன் காலடியில் தானே உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியில் போகிறவன். அது எப்போது வெள்ளையானது என்று எனக்குத் தெரியவே இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன நாடாளுமன்றத் தேர்தல் சமயம். நடத்தை விதிகள் அமலுக்கு வந்து மூன்றாம் நாள். யாரோ செல்போனில் சுவரைப் படம் பிடித்து, கட்சிச் சின்னம் வரையப்பட்டுள்ளது என்று புகார் செயலியில் போட்டுவிட்டார்கள். அப்படி வரும் புகாருக்கு நூறு நிமிடம்தான் கணக்கு. அதற்குள் ஆள் போக வேண்டும், மறைக்க வேண்டும், மறைத்ததைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். போன ஆள் அபுல் ஹசன். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. கூட கண்ணாயிரம் என்ற தொழிலாளியும் ஒரு வாளி சுண்ணாம்பும்.

"அந்தப் பொண்ணு ஓடியாந்துச்சு. சார், இது கெழக்குக் கடலு, இங்க சூரியன் மொளைக்காம வேற என்னா சார் மொளைக்கும்னு கேட்டுச்சு. நியாயந்தானே. மேலேந்து சொல்லிட்டாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்னு சொல்லிட்டு வேப்பமரத்து நெழல்ல போயி நின்னுகிட்டேன்."

"உங்கள் மேல் என்ன தப்பு பாய்? உத்தரவு அப்படி" என்றேன். ஆறுதல் சொல்வது நமக்குக் கைவந்த கலை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உத்தரவு அப்பிடி இல்ல தம்பி. அதத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல. சின்னத்த மட்டும் மறைக்கவும்னு வந்துச்சு. மட்டும்னு போட்டிருந்தாங்க. கண்ணாயிரம் சூரியன அடிச்சான். நான் போட்டோ எடுக்கலாம்னு தள்ளி நின்னு பாத்தேன். அவ்ளோ நல்ல படத்துல ஒரு மூலைல சுண்ணாம்புத் திட்டு. பாதி வெள்ளை, பாதி கலரு. பாக்க அசிங்கமா இருந்துச்சு. போட்டோல நல்லா வராதுன்னு தோணுச்சு. இருவது நிமிசம் இருந்துச்சு. முழுசா அடிச்சிடு கண்ணாயிரம்னு சொல்லிட்டேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணாயிரம் கடலை அடித்தான், படகுகளை அடித்தான். மீன்காரம்மா வந்ததும் சுண்ணாம்பு மட்டையை நிறுத்திவிட்டு, "சார், இது நம்ம தைலம்மா மாதிரியே இருக்குது" என்றானாம். அபுல் ஹசன் செல்போனில் மணி பார்த்தார். அடி என்றார். நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது படம் ஏறிவிட்டது. உடனடி நடவடிக்கை என்று மறுநாள் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள்.

"அன்னிக்குக் காலைலதான் தலைவருங்க செலைக்கெல்லாம் துணி கட்டிட்டு வந்தோம். அதே வண்டில ரெண்டு துணி மிச்சம் கெடந்துச்சு. வண்டிலயே இருந்துச்சு தம்பி. எடுத்துக் கட்டியிருந்தா ஓட்டு எண்ணுன மறுநாளு அவுத்திருக்கலாம். செலைக்குத் துணின்னா சுவத்துக்குச் சுண்ணாம்பு. அப்பிடியே பழக்கம். யோசிக்கவே இல்ல."

சாலைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், தைலம்மாள் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளையடித்த மூன்றாம் நாள் இடம் மாறியவர். ஏன் மாறிவிட்டீர்கள் என்று அபுல் ஹசன் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டதற்கு, "சுண்ணாம்புல வெயிலு பட்டு கண்ணு கூசுது பாய்" என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் அவர் தொடர்ந்து மீன் வாங்கப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அன்றும் தைலம்மாள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பாய், சங்கரா வந்திருக்குது" என்று கூப்பிட்டார். இவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஆறாம் எண்ணில் பச்சை டிக் போடவில்லை. எந்த வாரமும் போட்டதில்லையாம்.

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் மீதியைச் சொன்னார். இளமதி இப்போது கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். சிதம்பரத்தில் நாலு சுவர் வரைந்திருக்கிறாள். ஏழு முதல் பத்து வரை அவளுடையவை. பதினொன்று, அவள் வேலை பார்க்கும் பள்ளியின் மதில், இன்னும் வேலை நடக்கிறது.

"மேலேந்து முழு சுவத்தையும் அடிக்கச் சொல்லிட்டாங்கன்னுதான் அந்தப் பொண்ணு இன்னி வரைக்கும் நெனச்சிட்டிருக்குது. அத நேர்ல சொல்லணும். எட்டு தடவ போயிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டுத் திரும்பிடறேன்."

இந்த ஊர்சுற்றல், காகிதம், பச்சைப் பேனா, மீனின் கண் எல்லாமே அந்த ஒரு சாலையைக் கடப்பதற்காகத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. மனிதர் ஒரு வாக்கியம் சொல்வதற்கு இரண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்த கனத்த வெள்ளைத் துணி. ஓரம் முழுக்க மடக்கித் தைத்து, ஒரு சாண் இடைவெளியில் பித்தளை வளையங்கள். கயிறு கட்ட. மஞ்சக்குப்பத்தில் பந்தல் துணி தைப்பவரிடம் சொல்லித் தைத்தது. பத்தடிக்கு எட்டடி. ஏழு மாதமாகத் தோளில் தொங்குகிறது. "இன்னும் மூணு மாசத்துல அடுத்த எலெக்ஷன் வருது. அந்தப் பொண்ணு சூரியன் போடட்டும். புகாரு வந்தா மேல இத கட்டிக்கலாம். அப்புறம் அவுத்துடலாம். இன்ஷா அல்லாஹ், நானே வந்து கட்டுவேன்."

சிதம்பரத்துச் சுவர்கள் அழகானவை. அதில் சந்தேகமில்லை. ஒன்றில் கொள்ளிடத்து மணல், ஒன்றில் தேர் வடம், ஒன்றில் தெப்பக்குளம். பம்புசெட் அறைச் சுவரில் ஆடுகிற ஒரு பெண். நான் பாராட்டிக்கொண்டே வந்தேன். நான்காவது சுவரில் அவர் என்னை நிறுத்தினார்.

"நல்லா பாருங்க தம்பி. எதுலயாச்சும் வெயிலு இருக்குதா?"

திரும்பிப்போய் நான்கையும் மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் வானம் மூடியிருந்தது. மழைக்கு முந்தைய சாம்பல் நிறம். தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்தது, படி இருந்தது, பாசி இருந்தது, ஒரு தாமரை இல்லை. மரத்து இலைகள் மூன்று மூன்றாக இருந்தன, எங்கும் இரண்டாக இல்லை. ஆடுகிற பெண்ணின் கைகள் இரண்டும் முந்தானைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சிதம்பரத்தில் ஒருத்தி கையைக் காட்டாமல் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"இருவத்தஞ்சு வயசுப் பொண்ணு. நான் முப்பத்தஞ்சு வருசம் ஆபீஸ்ல கத்துகிட்ட பயத்த ஒரு மத்தியானத்துல கத்துக் குடுத்துட்டேன்" என்றார் அபுல் ஹசன். நான்கு எண்களுக்கும் டிக் போட்டார்.

கீரப்பாளையத்துக்கு மினி பஸ். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கும் சம்பா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளியில் யாருமில்லை. மதிலோரம் இரண்டு பீப்பாய்களை நிறுத்திக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் நின்று இளமதி வரைந்துகொண்டிருந்தாள். பழைய சட்டை, தலையில் துண்டு. சுவரில் வயல், வரப்பு, நாரைகள். மேலே பாதி வானம் சாம்பல் ஆகிவிட்டது. மீதிப் பாதி வெறும் சுவர்.

அபுல் ஹசன் வழக்கமான இடத்தில் நின்றார். சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு புளியமரம். ஒரு டிராக்டர் போனது. இரண்டு பைக் போயின. சாலை காலியாகி வெகுநேரம் கழித்து அவர் கடந்தார்.

"வாங்க சார்" என்றாள் இளமதி, திரும்பாமலே. "இன்னைக்கு ரோட்டத் தாண்டிட்டீங்க."

"என்னைத் தெரியுதாம்மா?"

"மாசா மாசம் வந்து அந்த மரத்தடில நிக்கிறீங்க. அன்னிக்கும் மரத்தடிலதான் நின்னீங்க. கைல செல்லு வெச்சி மணி பாத்துகிட்டே இருந்தீங்க." இப்போது திரும்பினாள். கோபமாக இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "என்னா சார்? இந்தச் சுவத்துல ஏதாச்சும் பிரச்சனையா? சூரியன் எதுவும் போடலையே."

"பிரச்சன எதுவும் இல்லம்மா. ஒண்ணு சொல்லணும்." அவர் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதிகாரி முன்னால் நிற்கிற குமாஸ்தா மாதிரி நின்றார். "அன்னிக்கு மேலேந்து சொன்னது சூரியன மட்டுந்தான். முழுசா அடிக்கச் சொன்னது நான். யாரும் சொல்லல. திட்டு தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு நானா சொன்னேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா."

தூரிகையிலிருந்து சாம்பல் சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"சூரியன மட்டுமா?"

"ஆமாம்மா."

"அப்ப அம்மா இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்கம்மா" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். நாரைகளில் ஒன்றின் காலை விரலால் லேசாகத் திருத்தினாள். அதில் திருத்த ஒன்றுமில்லை. "அந்தப் படத்துக்குப் பன்னெண்டு நாளு உக்காந்தாங்க சார் அம்மா. யாவாரத்த விட்டுட்டு. என் மூக்கு இவ்ளோ பெருசா இருக்குதான்னு கேட்டு ஒரு நாளு பூரா சண்ட போட்டாங்க."

அபுல் ஹசன் துணியை எடுத்தார். மடிப்புப் பிரித்து, வளையங்களைக் காட்டி, ஆபீஸில் விளக்கம் சொல்வது போல அவசரம் அவசரமாகச் சொன்னார். பத்துக்கு எட்டு. கயிறும் பையில் இருக்கிறது. சூரியன் போடலாம், தாமரை போடலாம், எதுவும் போடலாம். புகார் வந்தால் இதைக் கட்டினால் போதும், விதியில் இடம் இருக்கிறது. அவள் குனிந்து துணியை வாங்கி, ஓரத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு வளையத்தில் விரலை நுழைத்து எடுத்தாள்.

"நல்ல துணி சார்" என்றாள். "மழையே இருக்கட்டும். மழைக்கு யாரும் புகாரு குடுக்க மாட்டாங்க."

பலகையிலிருந்து இறங்கி வந்தாள். துணியை உதறி, மதிலின் அடியில் தரையில் விரித்தாள். மதிலடியில் போட்டிருக்கும் சிமெண்டுத் தளத்தில் சாயம் சொட்டித் தலைமையாசிரியர் திட்டுவதாகச் சொன்னாள். சாய டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அதன் மேல் வைத்தாள். பிறகு பலகையில் ஏறி, சாம்பலில் தூரிகையைத் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து வானத்தைத் தொடர்ந்தாள்.

முதல் சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது, துணியின் ஒரு மூலை மடிந்து கிடந்ததால், தரையில் விழுந்தது. அபுல் ஹசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். கைக்குட்டையால் தரையைத் துடைத்தார். மடிந்த மூலையை இழுத்து, சுவரோடு சேர்த்து வைத்து, சுருக்கம் போகக் கையால் நீவி விட்டார்.